ஆம்னியில் பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது எப்படி?

மாருதி ஆம்னியின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்தான், அதாவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். ஷாக் அப்சார்பர் அதிலிருந்து தனியாக, மேல் முனை பாடியிலும் கீழ் முனை இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலிலுமாக நிற்கும். பாரம் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். அதனால் ஷாக்கைக் கழற்றினால் ஸ்பிரிங் எகிறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்தாலும் இரு பக்க ஷாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முந்தைய நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடம். ஆம்னியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரத்தை, கியர் பிடிப்பதும் பின் சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டுமே உதவாது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு ஜாக்கியால் தூக்கி, ஆக்சில் குழாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். பிரேக் பைப் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றி, வாஷர், புஷ் (ஷாக்கின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம்) இருக்கும் வரிசையை போனில் படம் எடுங்கள். கீழ் நட், அப்புறம் மேல் நட். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள்.

புதியது எண்ணெய் ஷாக் என்றால், வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அமுக்குங்கள். முதலில் நடுவில் ஓரிடத்தில் சட்டென்று லூசாக இறங்கும். அது உள்ளே புகுந்த காற்று. போகப் போக ஒரே சீராகக் கனக்கும். வாயு அடைத்த கேஸ் ஷாக் என்றால், அமுக்கிப் பட்டை கட்டி வந்திருக்கும். மேல் முனையை மாட்டிய பிறகு பட்டையை வெட்டுங்கள், தானே நீளும்.

கடைசி இறுக்கு, வண்டியின் பாரம் ஆக்சிலில் இருக்கும்போதுதான். ஸ்டாண்டை ஆக்சிலுக்குக் கீழே கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். சில மாதங்களில் புஷ் கிழிந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சென்று கத்தியது. எவ்வளவு இறுக்குவது என்பதற்கு சர்வீஸ் மேனுவல் அளவைப் பார்த்து டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) பிடியுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நான்கு நட்டிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.