பிற்கால ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கத்திலேயே பெயர் பெற்றுவிட்ட ஓர் இண்டி ராக் குழு (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத போக்கில் வளர்ந்த ராக் வகை) பல ஆண்டுகள் கழித்து வேறொரு ஒலியோடு வந்தால், விமர்சகர்கள் என்ன சொன்னார்கள், ரசிகர்கள் எப்படி ஏற்றார்கள் என்று எழுத நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலரிடமும் அதே பிழைகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2018 மே மாதம் வெளியிட்ட ஆறாவது ஆல்பமான 'ட்ரான்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ'வை வைத்து அவற்றைப் பார்க்கலாம்.

முதல் வார விற்பனையை அன்பின் அளவாகக் கொள்வதுதான் இவற்றுள் பெரிய தவறு. இந்த ஆல்பம் வெளியான வாரமே பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது; அதன் வினைல் இசைத்தட்டு அந்நாட்டில் 25 ஆண்டுகளில் காணாத வேகத்தில் விற்றது. உடனே 'ரசிகர்கள் கொண்டாடினார்கள்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஆல்பம் வெளிவருவதற்கு முன் அதிலிருந்து ஒரு பாடலைக்கூடக் குழு தனியாக வெளியிடவில்லை. ஆகவே முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் கேட்டுப் பார்த்து வாங்கவில்லை. 2013இல் வந்த 'ஏஎம்' ஆல்பம் தந்த நம்பிக்கையில் வாங்கினார்கள். அந்த வாரத்து எண்ணிக்கையில் பெரும்பங்கு முந்தைய ஆல்பத்துக்கான வரவேற்பே. புதியதற்கு என்ன பதில் கிடைத்தது என்று அறிய, அடுத்தடுத்த வாரங்களில் அது பட்டியலில் எப்படி இறங்கியது என்பதையும், கச்சேரிகளில் அந்தப் பாடல்களுக்குக் கூட்டம் சேர்ந்து பாடியதா, இல்லை பழைய பாட்டுக்காகக் காத்திருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் பட்டியல் பிரிட்டனைத்தான் எண்ணுகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். ஸ்பாட்டிஃபை தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததே 2018 மார்ச்சில்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அந்த ஆல்பத்தைக் கேட்ட எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏமாற்றத்தையும் மதிப்பீட்டையும் குழப்புவது அடுத்த தவறு. 'ஏஎம்' கனத்த கிட்டார் ஒலியால் நின்றது. இதிலோ குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னர் பெரும்பாலான பாடல்களைப் பியானோவில் கட்டினார், நிலாவில் ஒரு விடுதியைக் கற்பனை செய்தார். முதல் பாடலான 'ஸ்டார் ட்ரீட்மெண்ட்' ஏறக்குறைய ஆறு நிமிடம், பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, அவசரமே இல்லாமல் நகர்கிறது. அதைக் காரில் போட்டபோது என் சித்தப்பா மகன் இரண்டாவது நிமிடத்தில், "அண்ணா, கிட்டார் எங்கே?" என்றான். அது நேர்மையான கேள்வி, ஆனால் விமர்சனம் அல்ல. இல்லாததைத் தேடியவர்களையும், இருப்பதைக் கேட்டு அலுத்துப்போனவர்களையும் ஒரே கூட்டமாக்கி 'ரசிகர்கள் நிராகரித்தனர்' என்று எழுதக் கூடாது.

விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் இணையதளமான மெட்டாக்ரிட்டிக்கின் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவதும் சோம்பல்தான். சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து எடுக்கப்படும் சராசரி அது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்று அவர்கள் வெளியிடுவதில்லை. எல்லாரும் பரவாயில்லை என்ற ஆல்பமும், பாதிப்பேர் புகழ்ந்து பாதிப்பேர் ஏசிய ஆல்பமும் அங்கே ஒரே எண்ணாகிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள மதிப்பெண்களும் நிலையானவை அல்ல: அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேரின் நான்காவது ஆல்பத்துக்கு 2003இல் பத்துக்கு 0.0 கொடுத்த இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க், 2021இல் அதையே 6.0 ஆக்கியது. ஆகவே மதிப்பெண்ணைக் குறிப்பிடும்போது ஆண்டையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

நம் நாட்டுக் குழுக்களைப் பற்றி எழுதும்போது வேறொரு வழுக்கல் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கின் பிஎல்கே ஜேகேஎஸ் குழுவின் முதல் முழு ஆல்பம் 2009இல் வந்தது, அடுத்தது 2021இல்தான். இடையில் பாடகர் விலகினார். இரண்டாவது ஆல்பத்துக்கான பதிவுகள் களவுபோய், மறுபடி முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. உருக்கமான கதைதான். ஆனால் அந்தக் கதைக்கு விழுந்த கைதட்டலை ஆல்பத்தின் கணக்கில் வரவு வைப்பவர்கள் ஏராளம். வெளிநாட்டு இதழ்களின் பாராட்டை மேற்கோள் காட்டிவிட்டு, ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில் அதைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருவரையும் விசாரிக்காமல் கட்டுரையை முடிப்பவர்களும் இவர்களே.