அடுப்படிக் கழிவில் மாடித்தோட்டத்துக்கு உரமும் பூச்சிவிரட்டியும்

காய்கறித் தோலை அப்படியே தொட்டி மண்ணில் புதைத்தால் உரமாகிவிடும் என்று புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். வயலுக்கு அது சரி. தொட்டியில் இருப்பதோ ஒரு பிடி மண். பச்சைக் கழிவு அங்கேயே அழுகிச் சூடு கிளப்பும், வேர் பாதிக்கும், எலியும் ஈயும் தேடி வரும். அதனால் முதலில் தனியாக மட்க வைப்போம், அப்புறம் செடிக்குக் கொடுப்போம்.

1. வாளியைத் தயார் செய்யுங்கள்

மூடியுள்ள பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். அடியில் மூன்று விரல்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்பி, மழை படாத நிழலில் வையுங்கள்.

2. தினமும் போடுங்கள்

காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல் எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கிப் போடுங்கள். வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றுவது இப்போது பிரபலமாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோலில் இருக்கும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) முழுதாக மண்ணுக்குப் போக, வாளியில் மட்குவதே நல்லது. டீத்தூளும் போடலாம், நம் வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைப்பதால், அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். எண்ணெய், உப்பு சேர்ந்த மிச்சச் சாப்பாடு, மீன், இறைச்சி வேண்டாம்.

ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. இதுதான் முக்கியம். முதல் நாள் ஒரு கரண்டி புளித்த மோரோ ஒரு கைப்பிடி பழைய தோட்ட மண்ணோ தூவினால் மட்குவது சீக்கிரம் தொடங்கும்.

3. கிளறிப் பாருங்கள்

வாரம் இரண்டு முறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றமடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு சேருங்கள். நம் ஊர் வெயிலில் தட்டையான, பழுப்பு நிறப் புழுக்கள் நிறைய நெளியலாம். பயந்து வாளியைக் கொட்டிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, செடியைத் தொடாது.

வாளி நிறைந்தபின் மூடி வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். சலித்து, ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வீதம் 15 நாளைக்கு ஒரு முறை மேல்மண்ணில் கலந்து தண்ணீர் விடுங்கள்.

4. முட்டை ஓடும் அரிசி கழுவிய தண்ணீரும்

ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரையுங்கள். உடைத்து மட்டும் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாற்று நடும்போது ஒரு ஸ்பூன் போதும். தக்காளிக் காயின் அடி கறுத்துப்போவதற்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம்.

அரிசி கழுவிய தண்ணீரை உப்புச் சேராமல், அன்றைக்கே செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

5. பூச்சிக்கு இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல்

செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா? மேலே நுனியில் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சியோ, மொய்த்துக் கிடக்கும் அசுவினிப் பூச்சியோ இருக்கும். அவை விடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது.

முதலில் பழைய டூத்பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிடுங்கள். பிறகு வாடிய பூண்டு, காய்ந்துபோன இஞ்சி, பழுத்த பச்சை மிளகாய் மூன்றும் சேர்த்து 100 கிராம் அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பூந்திக்கொட்டை ஊறல் சேருங்கள்.

ஒரே ஒரு இலையில் தெளித்து ஒரு நாள் பொறுங்கள். இலை கருகவில்லை என்றால், சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். பூச்சிமேல் நேராகப் பட்டால்தான் பலன், அதனால் ஐந்து நாள் இடைவெளியில் மறுபடி தெளிக்க வேண்டும். தேனீ வரும் பூக்களிலும், பொறிவண்டு தெரியும் கிளைகளிலும் தெளிக்காதீர்கள். பொறிவண்டே அசுவினியைத் தின்றுவிடும்.