ஷியர் அளவீட்டில் பிறழ்வைத் திருத்துவது எப்படி?

தொலைதூர விண்மீன் திரள்களின் உருவத்தை இடையிலுள்ள பொருண்மை தன் ஈர்ப்பால் ஏறத்தாழ 1 விழுக்காடுதான் திரிக்கிறது; இத்திரிபே ஷியர். திரள்களின் இயல்பான நீள்மையோ (வட்டத்திலிருந்து விலகி நீண்டிருக்கும் அளவு) அதைப்போல் இருபது முப்பது மடங்கு. இலட்சக்கணக்கான திரள்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையுமே தவிர, அளக்கும் முறையிலேயே ஊறிய பிறழ்வு குறையாது. உண்மையான ஷியரைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் பெருக்கல் பிழை, ஷியர் இல்லாத இடத்திலும் ஒன்றைக் காட்டும் கூட்டல் பிழை என அது இருவகைப்படும்.

கூட்டல் பிழைக்குப் பெரும்பாலும் பி.எஸ்.எஃப்.தான் காரணம். வளிமண்டலமும் தொலைநோக்கியும் ஒரு புள்ளியை எப்படிப் பரப்புகின்றன என்பதே பி.எஸ்.எஃப்.; அதை விண்மீன்களைக் கொண்டு மாதிரியாக்கும்போது, ஐந்தில் ஒரு பங்கு விண்மீன்களை ஒதுக்கி வைத்து, அவற்றைக் கொண்டு மாதிரியைச் சோதிக்க வேண்டும். மிகப் பிரகாசமான விண்மீன்கள் சிசிடி-யில் (கேமராவின் ஒளியுணரியில்) சற்றுப் பருத்துப் பதிவாவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பெருக்கல் பிழையைத் திருத்த, டார்க் எனர்ஜி சர்வே என்னும் வான ஆய்வு கையாண்ட மெட்டாகேலிப்ரேஷன் முறை வசதியானது. ஒவ்வொரு திரளின் படத்திலிருந்தும் பி.எஸ்.எஃப். மங்கலை நீக்கி, +0.01, −0.01 என ஷியரைச் செயற்கையாகக் கொடுத்து, சற்றே அகன்ற பி.எஸ்.எஃப்.-ஆல் மீண்டும் மங்கலாக்கி, நீள்மையை அளக்க வேண்டும். அவை முறையே 0.127, 0.113 என வந்தால், வேறுபாடான 0.014-ஐ 0.02-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.7 அத்திரளின் துலங்கல், அதாவது ஷியருக்கு ஏற்ப அதன் அளந்த நீள்மை மாறும் வீதம். தனித்தனித் துலங்கல்களில் இரைச்சல் மிகுதி என்பதால், ஒவ்வொரு திரளையும் அதன் துலங்கலால் வகுக்கவே கூடாது. நீள்மைகளின் சராசரியைத் துலங்கல்களின் சராசரியால்தான் வகுக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் தெரிவுப் பிறழ்வு. அளவு, ஒளிர்வு போன்ற வரம்புகளை வைத்துத் திரள்களைத் தெரிவு செய்யும்போது, ஷியரே அத்தெரிவை மாற்றிவிடக்கூடும். ஆகவே ஷியர் கொடுத்த இரு பட்டியல்களிலும் அதே வரம்புகளை வைத்து, தேறிய திரள்களின், செயற்கை ஷியர் கொடுக்காத நீள்மைகளைச் சராசரி எடுத்து, அவ்விரு சராசரிகளின் வேறுபாட்டை 0.02-ஆல் வகுத்து மேற்கண்ட துலங்கலோடு கூட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும் திரள்களால் வரும் பிழை மிஞ்சும். வெவ்வேறு தொலைவிலுள்ள இரு திரள்கள் வெவ்வேறு ஷியரைத் தாங்கியபடி ஒரே படத்தில் கலந்துவிட்டால், அப்படத்தை மட்டும் வைத்து அவற்றைப் பிரித்துணர முடியாது. இதற்குக் கணினியில் உருவாக்கும் போலி வானப் படங்களே வழி: ஒரே திரள்களையும் ஒரே இரைச்சலையும் வைத்து +0.02, −0.02 ஷியருடன் இரு வானங்களை உருவாக்கி, ஒவ்வொரு செம்பெயர்ச்சி (திரளின் தொலைவைக் காட்டும் அளவு) வரம்புக்கும் தனியாகப் பிழையைக் கணிக்க வேண்டும். டார்க் எனர்ஜி சர்வேயின் மூன்றாண்டுத் தரவில் இவ்வழியே தெரிந்த பெருக்கல் பிழை சுமார் −2 விழுக்காடு. யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கித் திட்டம் அனுமதிக்கும் எல்லையோ 0.2 விழுக்காடு மட்டுமே. கணித்த பிழையைத் திருத்தியபின் மிஞ்சும் ஐயப்பாட்டையும் அண்டவியல் பகுப்பாய்வில் ஒரு மாறியாகவே சேர்க்க வேண்டும்.