ராப் குரலும் லத்தீன் தாளமும்: அனுமதியற்ற ரீமிக்ஸ் ஆல்பங்களில் நேரும் தவறுகள்

ராப் பாடகர் ஒருவரின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, அதன் அடியில் ரெகெட்டோன், சல்சா, கும்பியா என நடன இசையைப் பொருத்தி, யாரிடமும் கேட்காமல் முழு ஆல்பமாகவே வெளியிடுகிறார்கள் டிஜேக்கள். பெரும்பாலானவை இரண்டாம் பாட்டிலேயே சலித்துவிடுகின்றன. எல்லாத் தாளங்களையும் 'லத்தீன்' என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதுதான் காரணம்.

வேகத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது. ரெகெட்டோன் நிமிடத்துக்குச் சுமார் 90 முதல் 100 அடிகளில் நடக்கும். பல ராப் பாடல்களும் அப்படித்தான். டொமினிக்கன் டெம்பௌ என்ற நடன இசை அதைவிட விரைவானது. 90இல் பதிவான குரலை அதற்கு இணையாக முடுக்கினால் சொற்களுக்கு மூச்சு வாங்கும். அதே குரலை 180இல் ஓடும் சல்சாவின் மேல் வைத்தால் முடுக்கவே வேண்டாம்; இரண்டு அடிக்கு ஒன்றாகத் தானே பொருந்தும். தாளத்தையும் குறைக்கலாம். 2009இல் வாஷிங்டன் டிஜே டேவ் நாடா, 128இல் இருந்த ஒரு ஹவுஸ் (மின்னணு நடன இசை) ரீமிக்ஸை 108க்கு இறக்கியபோது மூம்பாட்டன் என்ற புது வகையே பிறந்தது.

சல்சாவில் கை வைப்பவர்கள் அதிகம் சறுக்குவது கிளாவேயில். சல்சாவை வழிநடத்தும் தட்டு வரிசை அது. இரண்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) ஐந்து தட்டுகள்: ஒன்றில் மூன்று, அடுத்ததில் இரண்டு. ராப் வரிக்கு இடம் ஒதுக்க ஒற்றைப் பாரை வெட்டினால் மூன்றும் இரண்டும் இடம் மாறிவிடும். கணினித் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆடுபவரின் காலுக்கோ எடுப்பு தவறிய கீர்த்தனையைக் கேட்பது போலிருக்கும். வெட்டினால் இரண்டிரண்டு பார்களாக வெட்டுங்கள். பேஸ் எனும் கீழ்ச்சுருதி இசையையும் கவனியுங்கள்: சல்சா பேஸ் பெரும்பாலும் முதல் அடியை வேண்டுமென்றே காலியாக விடும். அங்கே ஒரு கனத்த 808ஐ (டிரம் இயந்திரத்தின் ஆழ்ந்த ஒலியை) போட்டு நிரப்பினால் பாட்டின் துள்ளல் போய்விடும்.

மென்பொருளால் பிரித்த குரலில் பழைய டிரம்ஸின் எச்சம் ஒட்டியிருக்கும். ஹிப்-ஹாப்பில் ஸ்னேர் டிரம்மின் கூரிய தட்டு இரண்டாம், நான்காம் அடிகளில் விழும்; ரெகெட்டோன் ஸ்னேர் எட்டுச் சம துண்டுகளை 3+3+2 எனப் பிரிக்கும் கணக்கில் வேறிடத்தில் விழும். இரண்டும் சேர்ந்தால் சலசலப்புதான் மிஞ்சும். அதிகாரப்பூர்வமாக வெளியான தனிக்குரல் பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள்.

சட்டத்தில் இரண்டு மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. முதலாவது, 'கொஞ்சம் பிரதிகள்தானே'. 2004இல் டேஞ்சர் மவுஸ், ஜே-ஸீயின் குரலையும் பீட்டில்ஸின் இசையையும் கலந்த 'தி கிரே ஆல்பம்' சிறு எண்ணிக்கையில்தான் வெளிவந்தது. இருந்தும் நிறுத்தச் சொல்லி, பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டாவது, 'சில விநாடிகள்தானே'. இரண்டு விநாடி கிட்டார் துணுக்கு தொடர்பான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, உரிமம் வாங்கு, இல்லையேல் எடுக்காதே என்றது. இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அதை ஏற்கவில்லை. எனவே ஒரே நாட்டிலேயே இரண்டு நிலைப்பாடுகள். பதிவுக்கு ஓர் உரிமை, பாடலின் ஆக்கத்துக்குத் தனி உரிமை என்பதையும் பலர் மறக்கிறார்கள்.

டிரம்ஸை மட்டும் நாமே வாசித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பதும் உறுதியில்லை. ரெகெட்டோனின் முதுகெலும்பான தாளம் 1989இல் தாங்கள் உருவாக்கிய 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற இசைத்தடத்திலிருந்து வந்தது என்று ஜமைக்காவின் இசைத் தயாரிப்பாளர் இணை ஸ்டீலி - கிளீவி தரப்பு 2021இல் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பில் டாடி யாங்கி, லூயிஸ் ஃபோன்ஸி போன்ற பெரும் நட்சத்திரங்களே நின்றார்கள்.