கடல்நீர் பட்ட ஸ்பீக்கரை மீட்ட கதை

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு அலை எங்கள் புளூடூத் ஸ்பீக்கரை மணலோடு புரட்டிவிட்டது. தூசி, தண்ணீர் தாங்கும் ஐபி67 தரம்தானே என்று துடைத்து வைத்துவிட்டேன். மறுநாள் பாட்டு தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்டது, சார்ஜும் ஏறவில்லை. அம்மா தினமும் காலையில் பாட்டுக் கேட்பது அதில்தான். மனசு கஷ்டமாகிவிட்டது.

அந்த 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு: 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அது நல்ல தண்ணீருக்கான கணக்கு. கடல்நீர் காய்ந்தால் உப்பு தங்கி, ஸ்பீக்கரின் முன்பக்க வலையின் கண்களை அடைக்கும், சார்ஜ் துளையின் உலோகத்தையும் அரிக்கும்.

சரி என்று ஸ்பீக்கரை அணைத்து, சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினேன். பழைய டூத்பிரஷால் வலையை லேசாகத் தேய்க்கத் தேய்க்க மணல் வந்துகொண்டே இருந்தது. பிறகு வலைப்பக்கம் கீழே சாய்த்து, காற்றாடிக்கு முன்னால் இரண்டு நாள் வைத்தேன். பினாங்கு ஈரக்காற்றில் ஒரு நாள் போதாது. ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம், சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். கடைசியாக, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பஞ்சுக்குச்சியால் துளையின் ஓரங்களைத் துடைத்து, அதுவும் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருகினேன்.

விளக்கு எரிந்தது. அம்மாவின் பாட்டும் பழையபடி தெளிவாகக் கேட்டது.