விட்சர் 3-இல் ஒளிந்திருக்கும் சினிமா, இலக்கியக் குறிப்புகளை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

‘தி விட்சர் 3’ என்ற வீடியோ விளையாட்டில் வரும் நோவிகிராட் நகரத்தில் கொழுக்கட்டை விற்றுப் பிழைக்கும் எல்ஃப் (மனிதரைப் போன்ற ஒரு கற்பனை இனத்தவர்) ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஹத்தோரி. ஒரு காலத்தில் பேர்பெற்ற வாள் கொல்லராக இருந்த அவர், நகரத்தில் தமக்குப் போடப்பட்ட முட்டுக்கட்டைகளால் அந்தத் தொழிலை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவர். அவருக்கு உதவினால் மீண்டும் சுத்தியலைக் கையில் எடுப்பார். நான் முதல்முறை விளையாடியபோது இதை ஒரு நல்ல கிளைக்கதை என்ற அளவிலேயே ரசித்துவிட்டுக் கடந்துபோனேன். 2003-இல் வெளிவந்த ‘கில் பில்’ படத்தின் முதல் பாகத்தைப் பிறகு மறுபடி பார்த்தபோதுதான், வாள் செய்வதை நிறுத்திவிட்டு ஒகினாவாவில் சுஷி கடை நடத்தும் ஹத்தோரி ஹான்ஸோவைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயர், கைவிட்ட தொழில், இப்போதைய உணவுக்கடை, கடைசியில் கைக்கு வரும் வாள் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன.

‘தி விட்சர் 3: வைல்டு ஹன்ட்’ 2015 மே 19 அன்று வெளியானது. அதை உருவாக்கிய போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம், அதே ஆண்டு அக்டோபரில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’, 2016 மே மாதத்தில் ‘பிளட் அண்ட் வைன்’ என்று இரண்டு பெரிய விரிவாக்கங்களையும் வெளியிட்டது. இம்மூன்றிலும் ஈஸ்டர் எக் எனப்படும் ஒளிவுக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றின் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம் உண்டு. ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்ப்பதில் கண்டுபிடித்த மகிழ்ச்சி கிடைப்பதில்லை. ஆகவே நாமே தேடி, நாமே உறுதி செய்துகொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன். கதையின் சில திருப்பங்கள் எடுத்துக்காட்டுகளில் வெளிப்படும் என்பதால், இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

தொடங்கும் முன்

அமைப்புகள் மெனுவில் சப்டைட்டிலைக் கட்டாயம் இயக்கி வையுங்கள். வழிப்போக்கர்களும் கடைக்காரர்களும் தமக்குள் பேசிக்கொள்வது காதில் விழாமல் போனாலும் கண்ணில் படும். உரையாடல்களைப் பொத்தானை அழுத்தித் தாவிச் செல்லும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. விளையாட்டின் நாயகனான அரக்கர் வேட்டைக்காரன் கெரால்ட்டிடம், அவன் மகளைப் போல வளர்த்த சிரி, தான் போய்வந்த உலகங்களைப் பற்றிச் சொல்லும்போது, தலைக்குள் உலோகம் பதித்த மனிதர்கள் வாழும், குதிரைகளே இல்லாத, ஆளுக்கொரு பறக்கும் கப்பல் வைத்திருக்கும் ஓர் உலகத்தைக் குறிப்பிடுகிறாள். இதே நிறுவனம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்து 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’-ஐப் பற்றிய குறிப்பு அது. சில நொடிகளில் முடிந்துவிடும் அந்தப் பேச்சைத் தாவிவிட்டால், அதை மீண்டும் கேட்க முன்பு சேமித்து வைத்த ‘சேவ்’ ஒன்றுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இதனாலேயே தானியங்கி சேவை மட்டும் நம்பாமல், முக்கியமான முடிவுகளுக்கு முன்னால் நீங்களே தனியாக ஒரு சேவ் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிளட் அண்ட் வைன்’ கதையின் பிற்பகுதியில், சியான்னா என்ற பெண்ணைத் தேடிப் போவதா அல்லது கண்ணுக்குத் தெரியாத மூத்தவர் என அழைக்கப்படும் பழம்பெரும் ரத்தக்காட்டேரியை நாடிப் போவதா என்று ஒரு முடிவெடுக்க நேரும். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே ஆயிரம் கதைகளின் நாட்டுக்குள் நுழைய முடியும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை, மூன்று பன்றிக்குட்டிகள், புலி வருகிறது கதையைப் போல ஓநாய் வருகிறது என்று பொய்க்கூச்சல் போட்ட சிறுவன், நீண்ட கூந்தலுடைய ரபுன்செல் என்று ஐரோப்பியக் குழந்தைக் கதைகள் பலவும் அங்கே சிதைந்துபோன வடிவில் உலவுகின்றன. விளையாட்டின் மிக அழகான, மிகச் சோகமான பகுதிகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். இரண்டாவது வழியில் போனவர்கள் அந்த நாட்டைக் காணாமலேயே விளையாட்டை முடித்துவிடுகிறார்கள்.

குவெஸ்டுகளின் தலைப்பிலிருந்து தொடங்குங்கள்

புதர்களையும் பாறை இடுக்குகளையும் துழாவுவதற்கு முன்னால் மெனுவில் உள்ள குவெஸ்ட் (விளையாட்டில் நமக்குத் தரப்படும் பணி) பட்டியலைத் திறந்து தலைப்புகளை நிதானமாகப் படியுங்கள். முடித்த குவெஸ்டுகளும் அங்கேயே இருக்கும் என்பதால் பின்னோக்கிப் போயும் படிக்கலாம். என் அனுபவத்தில் மிக அதிகமாகவும் மிக நுட்பமாகவும் குறிப்புகள் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். ஆனாலும் பெரும்பாலான வீரர்கள் தலைப்பை வழிகாட்டும் பலகையாக மட்டுமே பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

‘புரோக்கன் ஃபிளவர்ஸ்’ என்ற குவெஸ்டை எடுத்துக்கொள்வோம். காணாமல்போன நண்பன் டேன்டிலியனைத் தேடும் கெரால்ட், அவன் பழகிய பெண்களை ஒவ்வொருவராகச் சந்தித்து விசாரிக்கிறான். 2005-இல் இதே பெயரில் ஜிம் ஜார்முஷ் இயக்கிய படத்தில், நடுவயதைக் கடந்த ஒருவர் தம் முன்னாள் காதலிகளை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சந்திக்கிறார். தலைப்பு மட்டும் ஒன்றாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். கதையின் எலும்புக்கூடே ஒன்றாக இருக்கும்போது அப்படி விட முடியாது.

‘தி பிளேஸ் தி திங்’ இன்னும் நுட்பமானது. நினைத்தபடி உருமாறக்கூடிய டாப்ளர் ஒருவனை மறைவிடத்திலிருந்து வரவழைக்க, கெரால்ட்டும் பாடகி பிரிசில்லாவும் அவனுக்காகவே ஒரு நாடகத்தை எழுதி மேடையேற்றுகிறார்கள். இந்தத் தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் முடிவில் வருகிற சொற்றொடர். தந்தையைக் கொன்றவனின் மனச்சாட்சியை வலைவீசிப் பிடிக்க நாடகமே கருவி என்று ஹாம்லெட் அங்கே முடிவு செய்கிறான். அவன் குற்றவாளியைப் பிடிக்க நாடகம் போட்டான். இங்கே பயந்து பதுங்கியிருக்கும் ஓர் அப்பாவியை வெளியே அழைத்துவர நாடகம் போடுகிறார்கள். இந்தத் திருப்பத்தைக் கவனித்த பிறகு அந்தக் காட்சியே எனக்கு வேறாகத் தெரிந்தது.

‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ விரிவாக்கத்தில் வரும் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’, 1973-இல் இங்மார் பெர்க்மன் எடுத்த தொடரின் பெயர். குவெஸ்டில் கெரால்ட் ஓர் ஓவியத்துக்குள் நுழைந்து, சிதைந்துபோன ஒரு தாம்பத்தியத்தின் நினைவுகளை ஒவ்வொரு காட்சியாகக் காண்கிறான். அதே விரிவாக்கத்தின் ‘ஓபன் செசமி’ நம் எல்லாருக்கும் ‘திறந்திடு சீசேம்’ என்று சின்ன வயதிலேயே பழகியதுதான்; பெட்டகத்தைக் கொள்ளையிடத் திட்டம் போடும் குவெஸ்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அங்கே ஏலத்துக்கு வரும் ஓவியங்களின் பெயர்களையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பொன்டார் ஆற்றின் மேல் விண்மீன் இரவு’ என்ற ஓவியத்தை வரைந்தவர் வான் ரோக். 1888-இல் ரோன் ஆற்றின் மேல் விண்மீன் இரவை வரைந்தவர் வான் கோ.

‘தி நில்ஃப்கார்டியன் கனெக்‌ஷன்’, ‘தி கிரேட் எஸ்கேப்’, ‘கேபரே’ போன்றவற்றில் பழைய படங்களின் தலைப்பளவிலான சாயலே அதிகம். இவற்றைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

ஒரு குறிப்பை எப்படி உறுதி செய்வது?

ஒரு பெயரோ ஒரு பொருளோ எதையோ நினைவூட்டினால் உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒன்றையொன்று சாராத இரண்டு பொருத்தங்களாவது கிடைக்க வேண்டும் என்று நான் எனக்கே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஹத்தோரி அந்த விதியை எளிதாகக் கடந்துவிடுகிறார். விளையாட்டில் வரும் ஸ்கெல்லிகே தீவுகளில் ஒரு பக்கம் சுவரே இல்லாமல் வெட்டவெளியை நோக்கித் திறந்திருக்கும் சிறை அறையில் ஒரு குள்ள மனிதரின் பிணம் கிடப்பதும் கடக்கிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் டிரியன் லானிஸ்டரை அடைத்து வைத்திருந்த வானச் சிறை அப்படித்தான் இருக்கும். அறையும் ஒன்று, அதில் கிடப்பவரின் உருவமும் ஒன்று. மாறாக, கான்டர் ஓ'டிம் என்ற மர்ம வணிகரின் பெயரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வருகிறது என்பது சுவையான கவனிப்புதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய விளக்கம் எதையும் கட்ட நான் தயங்குவேன்.

அடுத்து, அந்தக் குறிப்பு விளையாட்டை உருவாக்கியவர்களுடையதா, மூலக்கதையிலிருந்தே வந்ததா என்று பார்க்க வேண்டும். விட்சர் உலகம் போலந்து எழுத்தாளர் ஆந்திரே சப்கோவ்ஸ்கி படைத்தது. அதன் முதல் சிறுகதை 1986-இல் வெளிவந்தது. அழகியும் மிருகமும், ஸ்னோ ஒயிட் முதலிய பழங்கதைகளைத் தலைகீழாக்கி எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. அதனால் தேவதைக் கதையின் சாயல் தெரியும் இடங்கள் பலவற்றில், விளையாட்டு புதிதாக எதையும் ஒளித்து வைக்காமல், அவர் போட்ட பாதையிலேயே நடந்திருக்கும். ஏரியின் மங்கை, அவள் தரும் ஏரன்டைட் வாள் போன்றவை ஆர்தர் மன்னர் கதை மரபைச் சேர்ந்தவை. அவற்றைச் சினிமாக் குறிப்புகளோடு ஒரே கூடையில் போட வேண்டாம்.

போலந்தின் பக்கம் திரும்பிப் பாருங்கள்

ஹாலிவுட் குறிப்புகளை எல்லாரும் பிடித்துவிடுவார்கள். போலந்துக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒளித்து வைத்திருப்பவையே என்னை மிகவும் கவர்ந்தவை. வெலென் பகுதியில் உள்ள ஃபைக் தீவில், ஊர் மந்திரவாதி ஒருவர் இறந்தவர்களின் ஆவிகளை அழைக்கும் இரவுச் சடங்குக்கு கெரால்ட் காவல் நிற்கும் குவெஸ்ட் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஃபோர்ஃபாதர்ஸ் ஈவ்’. போலந்தின் மகாகவி ஆடம் மிட்ஸ்கியேவிச் இதே சடங்கை மையமாக வைத்து, இதே பெயரில் ஒரு நாடகத் தொகுதி எழுதியிருக்கிறார். அதன் இரண்டாம் பகுதி 1823-இல் வெளிவந்தது. அங்கே சடங்கை நடத்துபவர் ‘குஷ்லாஷ்’ என்று அழைக்கப்படுகிறார். விளையாட்டின் போலிஷ் வடிவத்திலும் அந்த மந்திரவாதிக்கு அதே பெயர்தான். குரல் மொழியையும் எழுத்து மொழியையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவில் இருப்பதால், குரலைப் போலிஷுக்கு மாற்றி, சப்டைட்டிலை உங்களுக்குப் புரியும் மொழியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ கதையின் முதுகெலும்பே இப்படிப்பட்ட ஒரு குறிப்புதான். பான் ட்வார்டோவ்ஸ்கி என்ற மந்திரவாதி பேயிடம் ஆன்மாவை விற்றபோது, ரோமில் வைத்து மட்டுமே அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை போட்டு, பிறகு ரோமுக்கே போகாமல் இருந்தார் என்பது போலந்து நாட்டுப்புறக் கதை. ஒருநாள் அவர் தங்கிய சத்திரத்தின் பெயர் ‘ரோம்’ என்று தெரியவந்தபோது பேய் வந்து நின்றது. தப்பியோடிய அவர் நிலவில் போய் உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். விளையாட்டில் ஓல்கியெர்ட் என்ற பிரபுவும் முன்பு சொன்ன மர்ம வணிகர் ஓ'டிமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இருவரும் நிலவின் மேல் நிற்கும்போதுதான் கணக்குத் தீரும் என்று இருக்கிறது. நடக்கவே நடக்காது என்று ஓல்கியெர்ட் நம்பிய அந்த நிபந்தனை, பாழடைந்த கோயில் ஒன்றின் தரையில் பதித்த நிலவுச் சித்திரத்தின் மேல் இருவரும் நிற்கும் கணத்தில் நிறைவேறிவிடுகிறது. அந்தக் காட்சியில் கேமராவைக் கீழே திருப்பித் தரையைப் பாருங்கள். சத்திரத்தின் பெயர்ப்பலகை செய்த வேலையை இங்கே தரைச் சித்திரம் செய்கிறது. ட்வார்டோவ்ஸ்கி அடைக்கலம் புகுந்த நிலவே ஓல்கியெர்டைப் பிடித்துக்கொடுக்கும் பொறியாகிவிட்டது.

வங்கி வரிசையில் பொறுமையாக நில்லுங்கள்

‘பிளட் அண்ட் வைன்’ விரிவாக்கத்தில் ‘பேப்பர்சேஸ்’ என்ற சிறிய குவெஸ்டைத் தவறவிடாதீர்கள். பொக்லேர் நகரத்துச் சியான்ஃபனெல்லி வங்கியில் தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டுப் போகும் கெரால்ட்டிடம், நீங்கள் இறந்துவிட்டதாக எங்கள் ஏட்டில் இருக்கிறது என்கிறார்கள். உயிரோடு இருப்பதை நிறுவ ஏ-38 என்ற அனுமதிச் சீட்டு வேண்டுமாம். சாளரத்துக்குச் சாளரம் அலைக்கழிக்கப்படும் அந்தக் காட்சியில் அரக்கர்களை வெட்டிச் சாய்த்த வாள் எதற்கும் உதவாது. இது 1976-இல் வெளிவந்த ‘ஆஸ்டெரிக்ஸின் பன்னிரண்டு பணிகள்’ என்ற கார்ட்டூன் படத்திலிருந்து வந்தது. ஆளைப் பைத்தியமாக்கும் அலுவலகம் ஒன்றில் இதே ஏ-38 சீட்டை வாங்கி வருவது ஆஸ்டெரிக்ஸுக்கு இடப்படும் பணிகளில் ஒன்று. இல்லாத ஏ-39 சீட்டைக் கேட்டு, அலுவலகத்தையே குழப்பியடித்து அவன் வெல்வான். ஜெர்மனியில் அர்த்தமற்ற அலுவலக நடைமுறைகளைக் குறிக்கும் பேச்சு வழக்காகவே அந்த எண் ஆகிவிட்டது. கிளை அலுவலகங்களில் கால்கடுக்க நின்ற எவருக்கும் படம் பார்க்காமலேயே இந்தக் காட்சி பிடிக்கும். படத்தைப் பார்த்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டதுமே சிரித்துவிடுவார்கள்.

கண்டவற்றைக் குறித்து வைக்க 2022 டிசம்பரில் வந்த இலவச மேம்பாட்டில் சேர்க்கப்பட்ட ஃபோட்டோ மோடு உதவும். படத்தோடு குவெஸ்டின் பெயர், இடம், எந்தச் சேவிலிருந்து எடுத்தது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். பல மாதங்கள் கழித்து ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்க்கும்போது சந்தேகம் தட்டினால், அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கெரால்ட்டின் சிறப்புப் பார்வை இந்தத் தேடலுக்குப் பெரிதாகப் பயன்படாது. அது குவெஸ்டுக்குத் தேவையான தடயங்களைத்தான் சிவப்பாகக் காட்டும். ஜர்னலில் உள்ள கதைமாந்தர் குறிப்புகள் டேன்டிலியனின் குரலில் எழுதப்பட்டவை என்பதால், அவற்றில் ஒரு கவிஞனின் குறும்பை எதிர்பார்த்தே படியுங்கள்.

கண் பழகிய பிறகு, 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் முன்னுரைப் பகுதியில், வெள்ளை முக்காடு அணிந்த ஒருவன் வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்து இறந்து கிடப்பான். ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டில் உயரமான கோபுரங்களிலிருந்து வைக்கோலுக்குள் குதித்தே பழகியவர்களுக்கு அந்த உடையும் அந்த வைக்கோலும் போதும். பிணத்தின் அருகே போய் நின்று, கெரால்ட் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.