ஆற்றுக்கு நீலம் அடிக்கும் முன்: நாளிதழ்ச் சித்திரக்கதைக்கு வண்ணம் பூசுவோருக்கு

நான்கு கட்டச் சித்திரக்கதை ஒன்று. வைகாசி மாதம், காவிரிக் கரை. பக்கத்து வயல்காரர் ஓடி வந்து பெரியவர் ஒருவரிடம் கேட்கிறார்: "என்ன மாமா, தண்ணி வந்துருச்சாமே?" மூன்றாவது கட்டத்தில் இருவரும் ஆற்றைப் பார்க்கிறார்கள், பேச்சில்லை. நான்காவதில் பெரியவர் சொல்கிறார்: "வந்தா சொல்லி அனுப்புறேன்னுட்டுப் போயிருக்கு மாப்ள."

ஓவியர் மூன்றாவது கட்டத்தில் வரைந்தது மணல். காற்று மணலில் போட்ட வரிகளைச் சின்னச் சின்ன நெளிகோடுகளாக இழுத்திருப்பார். கறுப்பு வெள்ளையில் மணல் வரிக்கும் நீர் அலைக்கும் கோடு ஒன்றுதான். ஆறு என்றால் நீலம் என்று பழகிய கை, அதில் ஒரு சொடுக்கில் நீலத்தை ஊற்றிவிடும். கரை தொட்டு ஓடும் ஆற்றின் முன் நின்று பெரியவர் உளறுகிறார் என்று கதை மாறிவிடும். ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் நகைச்சுவை போய்விட்டது.

இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் வேலை நடக்கும் முறைதான். கோடு ஒருவர், வண்ணம் இன்னொருவர், நடுவில் நேரமில்லை. இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். காட்டில் வாழும் முகமூடி வீரனின் கதையான ஃபேண்டம் 1936-ல் நாளிதழில் கறுப்பு வெள்ளையாகத்தான் தொடங்கியது. அதை உருவாக்கிய லீ ஃபாக்கின் எண்ணத்தில் அவன் உடை சாம்பல் நிறம். 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அது ஊதாவாகிவிட்டது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. காட்டில் கண்ணுக்குப் படாமல் நடமாட வேண்டியவன், நாட்டுக்கு ஒரு பளிச்சென்ற நிறத்தில் நடமாடினான். அவனை வாசகர் ஏற்றுக்கொண்டார்கள். உள்ளூர் வாழ்க்கையைப் பேசும் கதைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. கும்பகோணத்து வாசகருக்கு ஆறும் வயலும் வேட்டிக் கரையும் அன்றாடம் பார்ப்பவை, தப்பு உடனே கண்ணில் படும்.

முதலில் பென்சில், பிறகு கணினி

மென்பொருளைத் திறக்கும் முன் கதையை அச்செடுத்து, நான்கு கட்டங்களையும் வசனத்தோடு இரண்டு முறை படியுங்கள். வசனமில்லாத படத்தை மட்டும் அனுப்பினால் வேலையை எடுக்காதீர்கள். பிறகு நிறம் மாறினால் பொருள் மாறும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். நான்கு கட்டத்தில் மூன்று முதல் ஆறு வட்டம் வரும். மற்ற இடங்களில் உங்கள் விருப்பம். வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதம், நேரம், யார், என்ன பொருள் என்று எழுதுங்கள். தெரியாததை ஓவியரிடம் கேளுங்கள். இரண்டு நிமிட போன் பேச்சு மொத்த வேலையையும் காப்பாற்றும்.

மாதம் தெரியாமல் டெல்டாவுக்கு வண்ணம் பூசவே முடியாது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும், கடைமடைக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே சித்திரை, வைகாசியில் ஆறு மணல் நிறம். ஆடியில் புதுவெள்ளம் செம்மண் கலங்கல், ஓரத்தில் நுரை. ஐப்பசி, கார்த்திகையில் சாம்பல் கலந்த பச்சை. நல்ல நீலம் என்பது வானத்தின் நிழல் விழும் தேங்கிய நீருக்குத்தான் பொருந்தும்.

வயலும் அப்படியே. நாற்றங்கால் மஞ்சள் கலந்த இளம்பச்சை, நட்ட முதல் வாரம் வெளிறிய பச்சையோடு சேற்று நீர், தூர் கட்டியபின் (பக்கத் தண்டுகள் விட்டு அடர்ந்தபின்) கரும்பச்சை, முற்றினால் பொன். குறுவை புரட்டாசி வாக்கில் முற்றும், சம்பா தையில். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தை மாதம் மஞ்சள் வயல் என்றால் விளைச்சல், கார்த்திகையில் அதே மஞ்சள் என்றால் பயிர் காய்கிறது. "இந்த வருஷம் நம்ம வயலைப் பாத்தீங்களா?" என்ற வசனம் பெருமையா புலம்பலா என்பதை அந்த நிறம்தான் சொல்லும். விளைச்சலுக்குச் சூடான மஞ்சள், காய்ந்த பயிருக்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கான அளவுகள் கீழே. எண்கள் நான்கு அச்சு மைகளின் சதவீதம்: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற வரிசையில். உங்கள் அச்சகத்தின் தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

காய்ந்த மணல்: 5, 10, 25, 0
ஆடிப் புதுவெள்ளம்: 20, 35, 60, 10
மழைக்கால ஆறு: 35, 15, 25, 0
நாற்று: 30, 0, 80, 0
தூர் கட்டிய பயிர்: 70, 10, 90, 0
முற்றிய கதிர்: 0, 20, 80, 0
காய்ந்த பயிர்: 10, 20, 45, 15
மாநிறத் தோல்: 15, 40, 55, 0
கருநிறத் தோல்: 30, 55, 70, 0

புதுவெள்ளமும் மாநிறமும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ஆடிப்பெருக்கில் குளிக்கும் கூட்டத்தை வரைந்தால், உடல்கள் தண்ணீரில் கரைந்து தலைகள் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். விழாக் காட்சி விபத்துக் காட்சியாகிவிடும். உடலைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் நுரையை வெறும் தாளாக விட்டால் சரியாகும்.

ஆட்களின் மேல் உள்ள சின்ன நிறங்கள்

தமிழ்நாட்டில் வேட்டிக் கரை ஒரு வசனம். கறுப்பு-சிவப்பு கரை ஒரு கட்சி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் அதன் போட்டிக் கட்சி. பச்சைத் துண்டு விவசாய சங்கம். கிழக்குத் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் சிவப்புத் துண்டு போட்டவர் தோழர் என்றே படிக்கப்படுவார். ஆகவே "ஏதாவது ஒரு கலர்" என்று தோளில் போடாதீர்கள். பொருள் வேண்டாம் என்றால் கரைக்கு மாம்பழ மஞ்சளோ பழுப்போ, துண்டுக்கு வெள்ளையோ கொடுங்கள்.

கறுப்பு-சிவப்பு கரையில் அச்சு ஒரு தனி ஆபத்தை வைத்திருக்கிறது. அச்சு ஓட்டத்தில் பிளேட்டுகள் (ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடுகள்) 0.2 மில்லிமீட்டர் விலகுவது நாளிதழ் அச்சில் சாதாரணம். சிவப்பும் கறுப்பும் விளிம்போடு விளிம்பாக முடிந்திருந்தால், விலகிய இடத்தில் தாள் எட்டிப் பார்க்கும். நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். ஆள் கட்சி மாறிவிட்டார்! இதைத் தடுக்க, சிவப்பைக் கறுப்பின் அடியில் முழுக்க ஓடவிட்டு, கறுப்பை ஓவர்பிரிண்டில் (அடி நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும்படி) வையுங்கள். நடுவில் வெள்ளை வேண்டிய கரை என்றால் அந்த வெள்ளைக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் கொடுங்கள், இல்லாவிட்டால் மை பரவி மூடிக்கொள்ளும்.

பொட்டும் தாலியும் இதைவிட நுட்பமானவை. மஞ்சள் கயிற்றை மஞ்சள் மையால் மட்டும் தோலின் மேல் அடித்தால் அது தெரியாது, ஏனென்றால் தோலிலேயே 55 சதவீதம் மஞ்சள் இருக்கிறது. கயிறு போகும் இடத்தில் தோல் நிறத்தை வெட்டி எடுத்து, இருபுறமும் கறுப்புக் கோடு இருக்கும்படி, குறைந்தது 0.7 மில்லிமீட்டர் அகலத்தில் 0, 10, 100, 0 கொடுங்கள். ஆடிப்பெருக்கில் தாலிக் கயிறு மாற்றும் காட்சியில் ஒரு கட்டத்தில் கயிறு காணாமல் போனால் அதை அச்சுப்பிழை என்று வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டார். வயதான பாத்திரத்தின் நெற்றிப் பொட்டும் அப்படியே: மறந்துவிட்டு வெள்ளைப் புடவையும் கொடுத்தால், அடுத்த கட்டத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை இறந்தவராக்கிவிடுகிறீர்கள். பொட்டு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரிதாக்கித் தரும்படி ஓவியரிடம் கேளுங்கள்.

நடந்து போகும் கூட்டத்தின் உடை, அவர்கள் போகும் ஊரைச் சொல்லும். மஞ்சள் என்றால் சமயபுரம், காவி என்றால் வேளாங்கண்ணி, கறுப்போ கருநீலமோ சபரிமலை. நாகைச் சாலையில் போகும் வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக்கு மஞ்சள் பூசினால் ஊர் மட்டுமல்ல, மதமும் மாறும்.

வெற்றிலை எச்சிலும் இரத்தமும் அடிக்கடி குழம்புபவை. இரத்தம் 0, 100, 90, 0 என்றால் வெற்றிலைச் சாறு 0, 75, 90, 25 போல செங்கல் பக்கம் இருக்கட்டும். திண்ணைத் தூணோரம் ஒரு கறை பளிச்சென்ற சிவப்பில் இருந்தால் குடும்பக் கதை கொலைக் கதையாகும்.

இன்னும் இரண்டு. டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள சிலிண்டர் நீலம், அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர். சிவப்பு அடித்தால் வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்திருக்கிறார் என்று பொருள், நல்லவராக வரைந்த கடைக்காரர் சட்டத்தை மீறியவராகிறார். கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் காரின் நம்பர் பலகை வெள்ளை என்றால் சொந்தக் கார், மஞ்சள் என்றால் வாடகை. மாப்பிள்ளை வீட்டுப் பெருமையைப் பேசும் கதையில் இது ஒன்றே போதும்.

தோல் நிறம்

இதில் கண்டிப்பு வேண்டும். கோட்டில் இல்லாத வேற்றுமையை வண்ணத்தில் கொண்டு வராதீர்கள். நிலக்காரருக்கு வெளிர் நிறம், நடவுப் பெண்களுக்குக் கருநிறம், திருடனுக்கு இன்னும் கருமை என்று கை தானாகப் போகும். ஓவியர் சொல்லாத சாதியையும் குணத்தையும் நீங்கள் எழுதிச் சேர்க்கிறீர்கள் என்று அதற்குப் பொருள். ஒரு குடும்பத்தில் அண்ணன் மாநிறம், தங்கை வெளிர் என்றால் அதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும். ஓவியர் முகத்தில் மெல்லிய கோடுகளால் நிழலிட்டிருந்தால் அது பெரும்பாலும் கருநிறத்தைக் குறிக்கும், அழுக்கை அல்ல. அதைத் துடைத்துவிட்டு வெளிர் நிறம் நிரப்பினால் பாத்திரமே வேறு ஆளாகும்.

சயான் 5 சதவீதம் கூடினாலே முகம் நோயாளி முகமாகும். அச்சில் சயான் கூடும் வழக்கமுள்ள இயந்திரம் என்றால், தோலில் சயானைக் குறைத்து மெஜந்தாவை 3 முதல் 5 கூட்டுங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வண்ணச் சீட்டு வையுங்கள்: தோல், முடி, வழக்கமான உடை, கரை, பொட்டு, நான்கு எண்களோடு. தொடரை நாளை வேறு ஒருவர் எடுத்தாலும் அதே ஆள் வருவார்.

கோப்பு தயாரித்தல்

கோட்டை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, த்ரெஷோல்டு கொடுத்துத் தூய கறுப்பு வெள்ளையாக்குங்கள். சாம்பல் விளிம்பு இருந்தால் வண்ணம் நிரப்பும்போது கோட்டோரம் வெள்ளை நூல் நிற்கும். கோட்டு லேயர் (அடுக்கு) மேலே, மல்டிப்ளை முறையில் (வெள்ளை மறைந்து கறுப்புக் கோடு மட்டும் நிற்கும்படி). வண்ணம் அடியில் தனி லேயரில். நிரப்பும்போது எல்லையை 2 பிக்சல் விரித்து, வண்ணம் கோட்டின் அடியில் போகும்படி செய்யுங்கள்.

அதிகம் நடக்கும் தொழில்நுட்பப் பிழை இது: ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) வேலை செய்து கடைசியில் சிஎம்ஒய்கேவாக (நான்கு அச்சு மை முறை) மாற்றுவது. ஃபோட்டோஷாப்பின் பழைய இயல்பு அமைப்பில் கறுப்புக் கோடு 75, 68, 67, 90 என்று நான்கு மையாகப் பிரியும், கூட்டினால் 300. நாளிதழ்த் தாள் 240-க்கு மேல் தாங்காது. மை காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும், பிளேட் சற்றே விலகினாலும் வசனம் மூன்று நிழலோடு கலங்கும். கோடும் வசனமும் 0, 0, 0, 100 மட்டும். பேச்சுக் குமிழிக்குள் வெறும் தாள், அங்கே எந்த வண்ணமும் வேண்டாம்.

நாளிதழ்த் தாளில் புள்ளி பரவும். 50 சதவீதம் கொடுத்தால் 75 போலத் தெரியும். அச்சகத்தில் ஐசிசி ப்ரொஃபைல் (அந்த அச்சில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) இருந்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நடு நிறங்களைத் திரையில் சற்று வெளிறியதாகவே விடுங்கள். மாலை, இரவுக் காட்சிகளில் இது மிக முக்கியம், மாலைக்குக் கொடுத்த கருநீலம் அச்சில் நள்ளிரவாகிவிடும். "இன்னும் வெளக்கு வைக்கலையா?" என்ற கேள்வி அப்போது அர்த்தமற்றுப் போகும்.

முடிந்ததும் படத்தைத் திரையில் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். சில பதிப்புகளில் அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையாகவே அச்சாகும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத வாசகரும் உண்டு. பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பச்சையை 50, 0, 80, 0 அளவுக்கு இளக்குங்கள். பிறகு வசனத்தை மறைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி மாதம், நேரம், யார் யார் என்று கேளுங்கள். அவர் சொல்வது பென்சில் குறிப்போடு பொருந்தாத இடத்தைத் திருத்துங்கள்.

அச்சுக்குப் போன இரவு முடிந்தால் நேரில் இருங்கள். ஓட்டம் நிலைப்பட்ட பிறகு ஒரு தாளை எடுத்து, நான்கு இடத்தை மட்டும் பாருங்கள்: கரையில் வெள்ளை விழுகிறதா, பொட்டு புருவத்துக்கு நகர்ந்ததா, கயிறு தெரிகிறதா, முகம் பச்சையா. முதல் இரண்டும் ரிஜிஸ்டர் (பிளேட்டுகள் பொருந்தாமை), மூன்றாவது மஞ்சள் மைக் குறைவு, நான்காவது சயான் மிகுதி. இந்த வார்த்தைகளில் சொன்னால் இயந்திரத்தில் நிற்பவர் உடனே கைவைப்பார். "கலர் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எதைத் திருப்புவார்?